‘சிங்கம்’ திரைப்பட வரிசையும் தூத்துக்குடிக் கடற்கரையும்: தொடர்ச்சி குறித்த எதிர்பார்ப்பு பற்றிய திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இயக்குநர் ஹரியின் ‘சிங்கம்’ (2010), ‘சிங்கம் 2’ (2013), ‘சி3’ (2017) ஆகிய மூன்று படங்களும் ஒரே நாயகனைக் கொண்டு தொடர்ச்சியான கதையாக அமைந்தவை. நான்காம் பாகம் குறித்த எதிர்பார்ப்பு சுவைஞர்களிடையே இன்றும் நிலவுகிறது. அவ்வெதிர்பார்ப்பு எதன்மீது கட்டப்பட்டது, வரிசை வளர வளர அதன் நிலைக்களமாகிய தூத்துக்குடி எவ்வாறு மங்கியது, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் நிகழ்ந்தவை அவ்வெதிர்பார்ப்பை எந்நிலைக்கு உள்ளாக்கின என்பனவற்றை இக்கட்டுரை திணைக் கோட்பாட்டையும் ஏற்புக் கோட்பாட்டையும் துணைக்கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிங்கம், தூத்துக்குடி, நெய்தல், தொடர்ச்சிப் படம், ஏற்புக் கோட்பாடு, காவலர் நாயகன்

முன்னுரை

தமிழ்ச் சுவைஞருக்குத் ‘தொடரும்’ என்னும் சொல் புதிதன்று. வார இதழ்த் தொடர்கதை அச்சொல்லை ஒரு வாசிப்புப் பழக்கமாகவே ஆக்கியது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ அப்பழக்கத்தின் உச்சம் எனலாம். ஆயினும் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் இவ்வழியை அரிதாகவே பின்பற்றியது. ‘கல்யாணராமன்’ (1979) படத்திற்கு ‘ஜப்பானில் கல்யாணராமன்’ (1985) தொடர்ச்சியாக வந்தது போன்ற சான்றுகள் சிலவே. ஒரே இயக்குநர், ஒரே நடிகர், ஒரே பாத்திரம் என மூன்று பாகம் வரை நீண்ட படங்கள் தமிழில் மிகக் குறைவு. அவற்றுள் ‘சிங்கம்’ வரிசை குறிப்பிடத்தக்கது.

இவ்வரிசையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வசூல், சண்டைக்காட்சி, வசன வேகம் என்ற அளவிலேயே அமைகிறது. அதன் நாயகன் துரைசிங்கம் தூத்துக்குடி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவனாகப் படைக்கப்பட்டிருப்பதும், இயக்குநரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதும் வெறும் பின்புலச் செய்திகளாகக் கருதப்படுகின்றன. அந்நிலப்பகுதி இவ்வரிசையின் நம்பகத்தன்மைக்கே அடிப்படை என்பதும், நான்காம் பாகத்தைக் குறித்த எதிர்பார்ப்பை அந்நிலத்தின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

எதிர்பார்ப்பின் எல்லை

ஒரு படைப்பை அணுகும் வாசகர் வெறுமையான மனத்துடன் வருவதில்லை. முன்பு கற்ற வகைமைகளும் வழக்குகளும் வகுத்த எதிர்பார்ப்பின் எல்லைக்குள் நின்றே அவர் படைப்பை ஏற்கிறார் என்பது ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1960களின் பிற்பகுதியில் முன்வைத்த ஏற்புக் கோட்பாட்டின் மையக் கருத்து. தொடர்ச்சிப் படத்தில் இவ்வெல்லை வேறெங்கும் இல்லாத அளவு கூர்மையாகிறது. பார்வையாளர் பொதுவான வகைமையை மட்டுமன்றிக் குறிப்பிட்ட ஒரு படத்தின் உறுப்புகளையே எதிர்நோக்கி வருகிறார். ‘சிங்கம்’ வரிசையில் இவ்வுறுப்புகள் தெளிவானவை: நாயகனின் பாய்ச்சலுடன் இணையும் சிங்க உருவமும் உறுமலும், அடியின் எடையை டன் கணக்கில் அளந்து கூறும் வசனம், அளவாகச் செதுக்கிய மீசை, அடுத்தடுத்து விரையும் வாகனங்கள், பெரிய குடும்பம், பணியிலிருந்து விலகுவதும் மீள்வதும்.

முதற்படத்தின் இறுதியே தொடர்ச்சிக்கு வித்திட்டது. பணியைத் துறந்து ஊர் திரும்பும் துரைசிங்கத்தை உள்துறை அமைச்சர் சந்தித்து மறைமுகப் பணி ஒன்றை ஒப்படைக்கிறார். 2010 மே 28 அன்று வெளியான படத்தின் இவ்விறுதிக் காட்சிக்கு விடையாக 2013 ஜூலை 5 அன்று இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாம் பாகமோ 2016 டிசம்பரில் வெளியாக வேண்டியிருந்து, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2017 பிப்ரவரி 9 அன்றே திரைக்கு வந்தது. காத்திருப்பு நீளுந்தோறும் முன்னைய பாகத்தைவிடப் பெரிதான ஒன்றைத் தரவேண்டிய கடப்பாடு படைப்பாளர்மீது ஏறுகிறது. இக்கடப்பாட்டை இவ்வரிசை எதிரியின் பரப்பை விரிப்பதன் மூலமே நிறைவேற்றியது. முதற்பாகத்தின் எதிரி சென்னையில் ஆள்கடத்திப் பணம்பறிப்பவன். இரண்டாம் பாகத்தின் எதிரி கடல்கடந்த போதைப்பொருள் வணிகன். மூன்றாம் பாகத்தின் எதிரி ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் தொழிலதிபன். எதிரி பெரிதாகப் பெரிதாக ஊர் சிறிதாயிற்று என்பது அடுத்துவரும் பகுதிகளால் விளங்கும்.

நல்லூர்க் காவல் நிலையமும் ஒரு கையொப்பமும்

முதற்படத்தின் மோதல் மிகச் சிறிய நிகழ்ச்சியிலிருந்து பிறக்கிறது. சென்னையின் செல்வாக்குமிக்க குற்றவாளி மயில்வாகனம் நிபந்தனைப் பிணையில் இருக்கிறான். நல்லூர்க் காவல் நிலையத்தில் அவன் நாள்தோறும் கையொப்பமிட வேண்டும். அவன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்புகிறான். உதவி ஆய்வாளர் துரைசிங்கம் அதனை ஏற்க மறுத்து, உரியவனே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்கிறார். கதை முழுவதும் இம்மறுப்பிலிருந்தே விரிகிறது.

இந்நிகழ்ச்சியின் ஆற்றல் அதன் அளவில் இருக்கிறது. சிற்றூர் நிலையத்தின் பதிவேட்டில் இடப்படும் ஒரு கையொப்பம், பணத்தாலும் அரசியல் உறவாலும் வளைக்க இயலாத ஒன்றாக நிற்கிறது. சட்டம் என்பது தொலைவிலுள்ள தலைநகரின் சொத்து அன்று. தம் ஊரிலும் அதற்குச் செல்வாக்கு உண்டு என்ற நிறைவைப் பார்வையாளர் பெறுகிறார். நாயகனும் வெளியிலிருந்து வந்தவன் அல்லன். அவன் குடும்பம் அவ்வூரிலேயே வணிகம் செய்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அவனை உறவுமுறை சொல்லி அழைக்கிறார்கள். நாயகன்மீதான நம்பிக்கை அவனுடைய உடல்வலிமையிலிருந்து தோன்றுவதைவிட, ஊரார் அவனை அறிவர், அவனும் ஊராரை அறிவான் என்ற உறவிலிருந்தே மிகுதியாகத் தோன்றுகிறது. திருவான்மியூருக்கு மாற்றப்பட்டபின் அவன் தளர்ந்து நிற்கும் காட்சிகள் இதனை எதிர்மறையாக உறுதிப்படுத்துகின்றன.

ஆகவே முதற்படம் அளித்த வாக்குறுதி இரு கூறுகளை உடையது. ஒன்று, நாயகனின் வீறு. மற்றொன்று, ஊர்க் காவல் நிலையத்தின் பதிவேடு பொய்யாகாது என்ற உறுதி. தொடர்ச்சிப் படங்கள் முதற்கூற்றையே எடுத்து வளர்த்தன.

நெய்தலின் கருப்பொருளும் திரையில் அதன் இன்மையும்

‘சிங்கம் 2’ முழுமையாகவே தூத்துக்குடியை நிலைக்களமாகக் கொண்டு தொடங்குகிறது. பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படைப் பயிற்சியாளராக மறைந்து வாழும் துரைசிங்கம் துறைமுகத்தின் வழியே நிகழும் கடத்தலைக் கண்காணிக்கிறார். நகரில் கலவரம் மூளும் நேரத்தில் துணைக் கண்காணிப்பாளராக வெளிப்படுகிறார். முதற்பாகத்தின் நல்லூர் கடலோர ஊராகக் காட்டப்படவில்லை. இப்பாகத்திலேயே கடல் வரிசைக்குள் நுழைகிறது. எனவே நெய்தலின் வாழ்வியல் இங்கே இடம்பெறும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே.

தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருளாகவும், அந்நிலத்தின் தெய்வம், உணவு, தொழில், புள், பறை முதலியவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தரின் உணர்வொழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் ‘சிங்கம் 2’ நெய்தலின் முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டதை உணரலாம். கடல் உண்டு, கப்பல் உண்டு, துறைமுகம் உண்டு. மீன்பிடித் தொழிலோ, சங்கு குளித்தலோ, உப்பளமோ கதையின் இயக்கத்தில் பங்கு பெறுவதில்லை. கடல் குற்றம் நகரும் பாதையாக மட்டுமே இயங்குகிறது.

இவ்வின்மையின் பொருளை உணர அக்கடற்கரையின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். கொற்கை முத்து சங்கப் பாடல்களில் பலவிடத்தும் பேசப்படுவது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளுஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் முத்துக்குளிப்பு அரசின் கடுமையான கட்டுப்பாட்டில் நடந்தது. முத்துச்சிப்பி முதிரச் சில ஆண்டுகள் ஆகும். அதிகாரிகள் கடலடிப் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்டு, விளைச்சல் உறுதியான பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பர். இடையே பல்லாண்டுகள் குளிப்பின்றியே கழிவதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின் அத்தொழில் நின்றுபோனது. கடலை நம்பிக் காத்திருத்தலும் அரசின் ஆணையை எதிர்நோக்கியிருத்தலும் இம்மண்ணில் ஒரே அனுபவத்தின் இரு பக்கங்களாக இருந்திருக்கின்றன. குற்றத்தையும் அதிகாரத்தையும் பேச விரும்பும் ஒரு திரைக்கதைக்கு இதைவிடச் செறிவான கருப்பொருள் வேண்டுவதில்லை.

நெய்தல் வாழ்வைக் கலைப்படுத்திய முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகியன பரதவர் வாழ்வைப் பல தலைமுறைப் பரப்பில் விரித்தவை. ‘கொற்கை’ 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதே ஆண்டின் பிப்ரவரியில் மணிரத்னத்தின் ‘கடல்’ வெளிவந்தது. மணப்பாட்டிலும் படமாக்கப்பட்ட அப்படம் கடலோரக் கிறித்தவ ஊர் ஒன்றின் அன்றாடத்தைக் காட்ட முயன்றது. மக்கள் பெருந்திரளாக ஏற்றதோ ஜூலையில் வந்த ‘சிங்கம் 2’ படத்தையே. இதனைச் சுவைஞரின் குறை எனக் கொள்வது பொருந்தாது. ‘சிங்கம் 2’ அவர்கள் ஏற்கெனவே அறிந்த எதிர்பார்ப்பின் எல்லைக்குள் நின்றது. ‘கடல்’ புதிய எல்லையைக் கோரியது. தூத்துக்குடி என்ற பெயர் நாயகனின் பிறந்த மண்ணாக முதன்மைத் திரையில் ஒலித்ததில் அவ்வட்டாரத்தார் கொண்ட பெருமிதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அப்பெருமிதத்திற்கு ஈடாக அந்நகரம் பெற்ற சித்திரம் என்ன என்பதே கேள்வி. கடத்தலும் கலவரமும் நிறைந்த, ஓர் அதிகாரி வந்து அடக்கவேண்டிய ஊர் என்பதே அச்சித்திரம்.

நிலத்திலிருந்து கழன்ற வரிசை

இரண்டாம் பாகத்தின் இறுதி மோதல் தென்னாப்பிரிக்காவில் நிகழ்கிறது. மூன்றாம் பாகத்தின் களம் விசாகப்பட்டினம். அங்குக் கொல்லப்பட்ட காவல் ஆணையரின் வழக்கைத் துலக்கத் துரைசிங்கம் அழைக்கப்படுகிறார். துறைமுக நகரம் என்ற கூறு மட்டும் தொடர்கிறது. மொழியும் உறவும் ஊரும் மாறிவிடுகின்றன. நாயகனை ஊரார் அறிவர் என்ற முதற்படத்தின் அடித்தளம் இங்கே முற்றிலும் நீங்குகிறது.

மறுஆக்கங்கள் இந்நீக்கத்தை எளிதாக்கின. முதற்படம் 2011இல் கன்னடத்தில் ‘கெம்பே கௌடா’ என்றும், இந்தியில் ‘சிங்கம்’ என்றும் மறுஆக்கம் பெற்றது. ரோகித் செட்டி இயக்கிய இந்தி வடிவம் தனக்கென ஒரு வரிசையை உருவாக்கிக்கொண்டது. 2014இலும் 2024இலும் தொடர்ச்சிகள் வந்தன. அவ்விந்தி வடிவத்திலிருந்து ‘லிட்டில் சிங்கம்’ என்னும் அசைவூட்டத் தொடர் பிறந்து, 2018 ஏப்ரலில் டிஸ்கவரி கிட்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சீருடை அணிந்த ஒரு சிறுவன் தீயோரை அடக்குகிறான். அவன் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லாத கற்பனை நகரம்.

குழந்தைகளுக்கான அசைவூட்டத் தொடரில் முடிவற்ற தொடர்ச்சி இயல்பானது. பாத்திரம் வளர்வதில்லை, ஒவ்வொரு பகுதியும் தொடங்கிய இடத்திற்கே மீள்கிறது. அடுத்த பகுதி குறித்த குழந்தையின் ஆவல் அறிந்ததையே மீண்டும் காணும் இன்பம். தொடர்வகைப் படைப்புகளின் சுவை இவ்வாறு அறிந்தது திரும்பி வருவதில் இருக்கிறது என உம்பர்த்தோ எக்கோவும் விளக்கியுள்ளார். நல்லூர் நிலையத்தின் பதிவேட்டில் தொடங்கிய கதை நிலமும் காலமும் அற்ற உறுமலாக இங்கே எஞ்சுகிறது. இதனை இழிவென்று கூறவேண்டியதில்லை. திரைப்பட வரிசைக்குள் முன்பே நிகழ்ந்துவந்த ஒன்றை அசைவூட்ட வடிவம் தெளிவாகக் காட்டுகிறது என்பதே கருதத்தக்கது.

2018, 2020: திரைக்கு வெளியே தூத்துக்குடி

‘சி3’ படத்தின் மையக் குற்றம் சுற்றுச்சூழல் சார்ந்தது. வெளிநாட்டிலிருந்து கொணரப்படும் மின்னணு, மருத்துவக் கழிவுகள் எரிக்கப்பட, அதன் நச்சுப்புகையால் குழந்தைகள் மடிகின்றனர். நாயகன் மக்களின் சார்பில் அதனை முறியடிக்கிறார். படம் வெளியாகிப் பதினைந்து மாதங்களில், 2018 மே 22 அன்று, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாம் நாளில் மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். காற்றும் நீரும் நஞ்சாவதாகக் கூறித் தெருவில் இறங்கியவர்கள் துரைசிங்கத்தின் சொந்த மாவட்டத்தார். திரையில் அவர்கள் சார்பில் நின்ற சீருடை நேரில் எதிர்ப்புறம் நின்றது.

2020 ஜூன் மாதத்தில் அதே மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு மேற்கேயுள்ள சாத்தான்குளத்தில், ஊரடங்கு விதியை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்த சில நாள்களில் உயிரிழந்தனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; அக்காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்க ஆணையிட்டது. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவரின் அறிக்கை, நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைச் சுட்டியது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

முதற்படத்தின் அறம் சிற்றூர்க் காவல் நிலையத்தின் பதிவேடு பொய்யாகாது என்பதில் நிலைகொண்டிருந்ததை இங்கு நினைக்க வேண்டும். சாத்தான்குளத்தில் ஐயத்திற்கு உள்ளானது துல்லியமாக அதுவே. திரைப்படம் கற்பித்த நிலையமும் மெய்யான நிலையமும் ஒரே மாவட்டத்தில், ஒரே வகையான சிற்றூரில், எதிரெதிராக நின்றன.

இம்முரணை முதலில் உணர்ந்தவர்களுள் படைப்பாளர்களும் அடங்குவர். சூர்யா அந்நிகழ்வைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வேதனைப்படுவதாக ஹரி 2020 ஜூன் இறுதியில் அறிவித்தார். ‘சாமி’ (2003), மூன்று ‘சிங்கம்’ படங்கள், ‘சாமி ஸ்கொயர்’ (2018) ஆகியனவே அவ்வைந்து. வணிக வெற்றி பெற்ற இயக்குநர் ஒருவர் தம் படைப்புகளின் அடிப்படை மனப்பாங்கைப் பற்றி வெளிப்படையாக இவ்வாறு கூறுவது தமிழ்த் திரையுலகில் அரிது. அதன்பின் அவர் இயக்கிய ‘யானை’ (2022), ‘ரத்னம்’ (2024) ஆகியவற்றின் நாயகர்கள் காவலர்கள் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது.

நான்காம் பாகம் என்னும் வினா

படைப்பாளரின் இவ்வேதனைக்குப் பின்னும் நான்காம் பாகத்திற்கான விருப்பம் சுவைஞரிடம் தொடர்கிறது. அதனை மறதி என்றோ பொறுப்பின்மை என்றோ ஒதுக்குவது எளிது; ஆனால் அது முழுமையான விளக்கமாகாது. சட்டம் தம் ஊரில் நேர்மையாக இயங்கவேண்டும் என்ற வேட்கை மெய்யில் நிறைவேறாத அளவுக்குத் திரையில் அதனைக் காணும் விருப்பம் மிகுகிறது. இவ்வகையில் சாத்தான்குளத்தின் நினைவும் துரைசிங்கத்திற்கான காத்திருப்பும் ஒரே மனத்தில் முரணின்றி வாழ இயலும்.

சிக்கல் அவ்வேட்கைக்குத் தரப்படும் வடிவத்தில் உள்ளது. நேர்மையான காவலர், நடைமுறையைக் கடந்து தாமே தண்டிப்பவர் என்ற இரு பண்புகளும் இவ்வரிசையில் ஒரே உருவில் பிணைக்கப்பட்டுள்ளன. பிணைக் கையொப்பத்தில் நடைமுறையை நுணுகிக் காத்த அதே நாயகன் படத்தின் இறுதியில் எதிரியைச் சுட்டுக்கொல்கிறார். முதற்பண்பு இரண்டாம் பண்புக்கு நற்சான்று வழங்குகிறது. பார்வையாளர் பதிவேட்டின் நேர்மைக்காகக் கைதட்டத் தொடங்கி, காவலில் நிகழும் அடிக்காகக் கைதட்டி முடிக்கிறார். அடுத்த பாகம் இப்பிணைப்பை அவிழ்க்காமல் எதிரியை மட்டும் இன்னும் பெரிதாக்குமாயின், அது 2010இன் எதிர்பார்ப்பு எல்லையை 2020க்குப் பிந்தைய பார்வையாளர்மீது சுமத்துவதாகும்.

மாற்று வழிக்கான கருப்பொருள் அதே மாவட்டத்தின் ஆவணங்களிலேயே உள்ளது. சாத்தான்குளம் நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், உடன்பணியாற்றுவோரின் அழுத்தத்திற்கிடையே, நடந்தவற்றை நீதித்துறை நடுவரிடம் சாட்சியமாக உரைத்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை, எவரையும் துரத்தவில்லை. கண்டதைக் கூறித் தம் வாக்குமூலத்தில் கையொப்பமிட்டார். மயில்வாகனத்திடம் துரைசிங்கம் கோரிய கையொப்பத்தின் மெய்யான தொடர்ச்சி இதுவே எனலாம்.

முடிவுரை

‘சிங்கம்’ வரிசை தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர் ஒன்றின் காவல் நிலையத்தில் தொடங்கியது. ஊருக்கும் காவலருக்கும் இடையிலான அறிமுகமும் பதிவேட்டின் நேர்மையும் அதன் நம்பகத்தன்மையின் வேர்கள். தொடர்ச்சிகளில் எதிரியின் பரப்பு விரிய, நிலம் சுருங்கியது. நெய்தல் முதற்பொருளாக மட்டும் எஞ்சி, கருப்பொருளையும் உரிப்பொருளையும் இழந்தது. அசைவூட்ட வடிவத்தில் நிலமே மறைந்தது. இக்காலத்தில் அம்மாவட்டத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் காவல் நிலைய உயிரிழப்பும் வரிசையின் அடிப்படை வாக்குறுதியைக் கேள்விக்கு உள்ளாக்கின.

நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் மூன்று பாகங்களிலும் இடம்பெறாதது தற்செயலன்று. இறந்தோருக்காக நின்று வருந்தும் இடைவெளியை அவ்வரிசையின் வேகம் அனுமதிப்பதில்லை. 2018 மே மாதத்திற்கும் 2020 ஜூன் மாதத்திற்கும் பிறகு அக்கடற்கரையை மீண்டும் களமாகக் கொள்ளும் எந்தக் காவலர் கதையும் அவ்விடைவெளியைத் தனக்குள் ஏற்கவேண்டியிருக்கும். தொடர்ச்சிப் படங்கள் குறித்த தமிழ் ஆய்வுகள் வசூலையும் நட்சத்திர மதிப்பையும் அளவிடுவதோடு, ஒரு வரிசை தான் தோன்றிய நிலத்திற்கு என்ன திருப்பியளித்தது என்பதையும் ஆராய்தல் பயன்தரும்.